வேலையை விட்டுவிடலாமா? – ஒரு பழைய பேங்க்காரரின் கணக்கு

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். ஷிப்ட், பயணம் காரணமாக வர முடியாதவர்களுக்காக, செயலாளர் கேட்டுக்கொண்டபடி எழுதித் தருகிறேன்.)



தண்ணீர் லாரிச் செலவு, லிப்ட் பராமரிப்பு, பார்க்கிங் தகராறு எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்குக் கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். மன அழுத்தம் பற்றிப் பேச ஒரு டாக்டரைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் பி.காம். படித்துவிட்டு பேங்கில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது கணக்கு மட்டும்தான். அதனால் கணக்கு வழியாகவே பேசுகிறேன்.

போன மாதம் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு லிப்டில் நம் தம்பி ஒருவரைப் பார்த்தேன். தோளில் லேப்டாப் பை. காலையில் ஆறே முக்காலுக்கு அவர் கேட்டைத் தாண்டுவதை வாக்கிங் போகும்போது பார்த்திருந்தேன். "என்ன தம்பி, இவ்வளவு நேரமா?" என்றேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. "அங்கிள், நீங்க பேங்க்ல இருந்தவர்தானே? வேலையை விட்டுட்டு, தளி பக்கம் ரெண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து ரோஜா போட்டா கட்டுபடியாகுமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மாடி வந்துவிட்டது. அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இன்று சொல்கிறேன். அவர் யார் என்று யாரும் தேட வேண்டாம். அந்தக் கேள்வி நம் கட்டடத்தில் பல வீடுகளில் இருக்கிறது.

நம் ஊர் நிலைமை நமக்குத் தெரியும். ஒரு பக்கம் சிப்காட், மூன்று ஷிப்ட். இன்னொரு பக்கம் பெங்களூர். அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று தினமும் ஒரே ரோட்டில் போய்த் திரும்புகிறோம். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவுக்கு மெட்ரோ வந்தது. ஆனால் பொம்மசந்திரா வரைக்கும் நாம்தான் போய்ச் சேர வேண்டும். பெங்களூரில் வாங்க முடியாத வீட்டை இங்கே வாங்கினோம். விலையில் மிச்சம் பிடித்ததை ரோட்டில் நேரமாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். பொங்கலுக்கு இங்கே பிள்ளைகளுக்கு வரிசையாக லீவு. அங்கே வேலை பார்ப்பவர்களுக்குச் சங்கராந்தி ஒரு நாள். மாட்டுப் பொங்கலன்று மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்!

என் கதைக்கு வருகிறேன்.

2000-ஆம் வருடக் கடைசியில் அரசு வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. வி.ஆர்.எஸ். என்றால் அந்தக் காலத்து ஆட்களுக்கு உடனே புரியும். மத்திய அரசின் ஒப்புதலோடு இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த திட்டம். கம்ப்யூட்டர் வருகிறது, ஆள் அதிகம் என்பது பின்னணி. 15 வருட சேவை அல்லது 40 வயது ஆகியிருந்தால் விண்ணப்பிக்கலாம். முடித்த ஒவ்வொரு வருட சேவைக்கும் 60 நாள் சம்பளம், அல்லது ஓய்வுக்கு மீதமிருக்கும் மாதங்களின் சம்பளம், இரண்டில் எது குறைவோ அது கிடைக்கும். நாடு முழுவதும் ஒரு லட்சம் பேர் வாக்கில் அந்தத் திட்டத்தில் வெளியே போனார்கள்.

எனக்கு அப்போது 41 வயது. 19 வருட சேவை. ஹெட் கேஷியராக இருந்தேன். பேங்கில் பணம் இருக்கும் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று அதிகாரியிடம், ஒன்று ஹெட் கேஷியரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். அதாவது, நான் போகாவிட்டால் பிராஞ்சில் பணமே எடுக்க முடியாது. காய்ச்சல் என்றாலும் போய், ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, சாவியை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். சாயங்காலம் பணம் குறைந்தால் கைக்காசைப் போட வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். பிரஷருக்கு மாத்திரை ஆரம்பித்தது அந்த வருடம்தான். ஒரு நாள் கவுன்டரில், வாடிக்கையாளர்கள் முன்னாலேயே மேலதிகாரி என்னைச் சத்தம் போட்டார். அன்று சாயங்காலமே வி.ஆர்.எஸ். பாரத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பாரத்தை நிரப்பிவிட்டேன். கையெழுத்தும் போட்டாயிற்று. என் மனைவி தடுக்கவில்லை. "எதை விடணும்னு நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டாள். "வேலையை" என்றேன். "ஞாயித்துக்கிழமை கூட சாவியைத்தானே தேடறீங்க. வேலையைப் பத்தி நீங்க பேசி நான் கேட்டதே இல்லையே" என்றாள்.

அந்த ராத்திரி உட்கார்ந்து யோசித்தேன். லெட்ஜர் எழுத எனக்குப் பிடிக்கும். வட்டிக் கணக்கு போடப் பிடிக்கும். பென்ஷன் வாங்க வரும் பெரியவர்களோடு பேசப் பிடிக்கும். பிடிக்காதது சாவி. மறுநாள் பாரத்தைக் கொடுக்கவில்லை. ஹெட் கேஷியர் பொறுப்பு வேண்டாம், சாதாரண கவுன்டரில் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கென்று மாதாமாதம் வந்த அலவன்ஸ் நின்றது. வீட்டில் கொஞ்சம் இழுத்துப் பிடித்துத்தான் நடத்தினோம். மாறுதல் கிடைக்க மூன்று மாதம் ஆயிற்று. சாவியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்ட அன்று ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கினேன்.

நண்பர்களே, நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். வேலையை விட வேண்டும் என்று தோன்றும்போது, உங்கள் வேலையில் எது அந்தச் சாவி என்று முதலில் கண்டுபிடியுங்கள். பயணமா, நைட் ஷிப்டா, ஒரு குறிப்பிட்ட மேலதிகாரியா, வீட்டுக் கடன் தவணையா, ராத்திரி ஒன்பது மணிக்கு வரும் வெளிநாட்டு அழைப்பா? அதை மட்டும் விட வழி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கேட்டும் கிடைக்கவில்லை என்றால், அப்போது வேலையை விடுவது பற்றி யோசிக்கலாம்.

விட்டவர்கள் எல்லாம் கெட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. எங்கள் பிராஞ்சில் இரண்டு பேர் போனார்கள். ஒருவருடைய மனைவி பல வருடமாகத் தையல் கடை நடத்திவந்தார். இவர் வெளியே வந்து அதைப் பெரிதாக்கினார். இன்றும் நன்றாக இருக்கிறார். இன்னொருவர் வேலை பிடிக்கவில்லை என்று போனார். எங்கே போகிறோம் என்பதை யோசிக்கவில்லை. பணத்தில் பெரும்பகுதியை உறவினர் தொழிலில் போட்டார், திரும்பவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு தனியார் கம்பெனியில் பாதிச் சம்பளத்துக்குக் கணக்கு எழுதினார். முதல் நண்பருக்குப் போக ஓர் இடம் இருந்தது.

இருந்தவர்கள் எல்லாம் ஜெயித்தோம் என்றும் சொல்ல மாட்டேன். போனவர்களின் வேலையும் எங்கள் தலையில் விழுந்தது. என் மகள் பத்தாவது படித்த வருடம் எனக்குச் சரியாக ஞாபகமே இல்லை. அந்தக் கணக்கு இன்றுவரை நேராகவில்லை.

இப்போது பணக் கணக்கு. அப்போது சம்பளம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 19 வருடத்துக்கு, வருடத்துக்கு இரண்டு மாதம் வீதம் 38 மாதச் சம்பளம், 3,80,000 ரூபாய். மொத்தமாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 2000-இல் நீண்டகால வைப்புக்கு 10 சதவீத வாக்கில் வட்டி. மாதம் சுமார் 3,160 ரூபாய் வரும். 2003, 2004 வாக்கில் வட்டி ஐந்தரை சதவீதம் அளவுக்கு இறங்கியது. அதே பணத்துக்கு மாதம் சுமார் 1,740 ரூபாய்தான். விலைவாசி இறங்கவில்லை. பென்ஷன் திட்டத்தில் இருந்தவர்களுக்கு அது கொஞ்சம் தாங்கியது. இன்றைய வட்டியை வைத்து இருபது வருடத்துக்குக் கணக்குப் போடக்கூடாது என்பதை நான் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

இன்னொரு விஷயமும் நடந்தது. விண்ணப்பம் கொடுத்தவர்களில் பலர் மனம் மாறித் திரும்பக் கேட்டார்கள். கொடுத்தால் கொடுத்ததுதான் என்றன வங்கிகள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2002 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பி.காம். படித்தவர்களுக்கு 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் ஞாபகம் இருக்கும். ஒருவர் முன்வைப்பதை மற்றவர் ஏற்கும்வரை ஒப்பந்தம் இல்லை. நீதிமன்றம் அதைத்தான் சொன்னது. திட்டத்தை அறிவித்தது அழைப்பு மட்டுமே. ஊழியர் கொடுத்த விண்ணப்பமே முன்மொழிவு. தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளில், வங்கி அதை ஏற்பதற்கு முன்னால் ஊழியர் திரும்பப் பெறலாம். ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டவர்கள் மீண்டும் வேலை கேட்க முடியாது. ஒரு கையெழுத்தைத் திரும்பப் பெற உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இன்றைக்கு ராஜினாமாவை ராத்திரி பதினோரு மணிக்கு மெயிலில் அனுப்பிவிடலாம். அதனால்தான் சொல்கிறேன்: எழுதுங்கள், ஆனால் அனுப்பாமல் வையுங்கள். லீவு போட்டு நாலு நாள் நன்றாகத் தூங்கி எழுந்து, பகலில் படித்துப் பாருங்கள். அப்போதும் சரி என்று தோன்றினால் அனுப்பலாம்.

அனுப்புவதற்கு முன் பார்க்க வேண்டிய நாலு கணக்கு இருக்கிறது.

முதல் கணக்கு, நேரம். ஒரு வாரம் சின்ன டைரியில் எழுதுங்கள்: வேலை எத்தனை மணி, பயணம் எத்தனை மணி, தூக்கம் எத்தனை மணி. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் ஓர் ஆய்வு வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட, 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். இது வேலை நேரம் மட்டும். சில்க் போர்டில் நிற்கும் நேரம் இதில் சேரவில்லை. 2023-இல் நம் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா வந்து, எதிர்ப்பால் சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது ஞாபகம் இருக்கும். சட்டத்தில் வராத 12 மணி நேரத்தை நாமே பஸ்ஸையும் போனையும் சேர்த்து வேலை செய்துகொண்டிருக்கிறோமா என்று பாருங்கள். டைரியைக் காட்டி வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை கேட்பது, வெறுமனே "கஷ்டமாக இருக்கிறது" என்று சொல்வதைவிட எடுபடும்.

இரண்டாவது, கடன். நம்மில் பெரும்பாலோருக்கு உண்மையான சாவி இதுதான். 40 லட்சம், 20 வருடம், எட்டரை சதவீதம் என்றால் மாதம் 34,700 ரூபாய் வாக்கில் தவணை. வருடத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் கடன் மூன்று வருடத்துக்கும் மேல் முன்னதாக முடியும். தனிநபர் வீட்டுக் கடன் மாறும் வட்டியில் இருந்தால், முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது. வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று உங்களைக் கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் சொல்லியிருக்கிறது. உங்கள் கடன் எத்தனை மாதத்துக்கு நீண்டிருக்கிறது என்று ஸ்டேட்மென்ட் எடுத்துப் பாருங்கள். போனஸில் கார் மாற்றுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

மூன்றாவது, தேதி. கிராஜுவிட்டிக்குப் பொதுவாக ஐந்து வருடத் தொடர் சேவை வேண்டும். பி.எஃப். சேர்ந்த ஓய்வூதியத்துக்குப் பத்து வருடம் வேண்டும். அதற்குக் கொஞ்சம் முன்னால் கோபத்தில் கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் தேதி எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நாலாவது, ஆஸ்பத்திரி. கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வேலையோடு போய்விடும். அப்பா அம்மாவும் அதில் இருந்தால் அவர்களுக்கும் போய்விடும். புதிதாக எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷர் போன்றவற்றுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். அதே நிறுவனத்தில் தனிப்பட்ட பாலிசிக்கு மாற முடியுமா என்று வேலையில் இருக்கும்போதே கேளுங்கள்.

இப்போது தம்பியின் ரோஜாவுக்கு வருவோம். நம் பகுதி கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் வாக்கில் இருக்கிறது. இந்தக் குளிர்ச்சிக்கு ரோஜா நன்றாக வரும். காதலர் தினத்துக்கு இங்கிருந்து வெளிநாட்டுக்கே போகிறது. பசுமைக்குடிலுக்கு அரசு மானியமும் உண்டு. ஆனால் ரோஜாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. தினமும் வெட்ட வேண்டும். ஒரு நாள் விட்டால் மொக்கு விரிந்துவிடும், விலை போகாது. 2020 ஊரடங்கில் கல்யாணமும் இல்லை, ஏற்றுமதியும் இல்லை. வெட்டிய பூவைக் குப்பையில் கொட்டினார்கள். தம்பி, பூ வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறு மாதம், சனிக்கிழமைதோறும் ஒரு பூ விவசாயியிடம் போய் வேலை செய்துவிட்டு வாருங்கள். அதிகாலையில் முள்ளில் கை வைத்த பிறகும் ஆசை இருந்தால், உங்களுக்குப் போக ஓர் இடம் இருக்கிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால், நீங்கள் தேடுவது ரோஜா அல்ல, ஓய்வு. அதற்கு இரண்டு ஏக்கர் தேவையில்லை.

கணக்கில் அடங்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்-அவுட் என்பதை வேலையால் வரும் ஒரு நிலை என்று வரையறுத்தது. அதை நோய் என்று சொல்லவில்லை. மூன்று அடையாளம்: சக்தியெல்லாம் வடிந்துபோன களைப்பு, வேலைமேல் வெறுப்பு, விலகல், எதைச் செய்தாலும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம். இதையும் தாண்டி, தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்வதில் அர்த்தமில்லை என்று தோன்றினால், ராஜினாமாவா இல்லையா என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு முதலில் டாக்டரிடம் போங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. அரசு சேவை, இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். நிம்ஹான்ஸ் மருத்துவமனை நமக்கு எங்கேயோ இல்லை. பெங்களூரில் ஓசூர் ரோடு என்று நம் ஊர்ப் பெயரில் இருக்கும் ரோட்டிலேயே இருக்கிறது. நான் பிரஷர் மாத்திரை சாப்பிட்டதை எல்லோரிடமும் சொன்னேன். தூக்கம் இல்லாததை ஒருவரிடமும் சொல்லவில்லை. அது என் தப்பு.

வீட்டில் இருப்பவர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். வேலையிலிருந்து வந்தவரிடம் செருப்பைக் கழற்றுவதற்குள் இங்கிரிமென்ட் பற்றிக் கேட்காதீர்கள். என் மனைவி கேட்ட மாதிரி, "எதை விடணும்னு நினைக்கிறீங்க?" என்று ஒரு நாள் நிதானமாகக் கேளுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள். நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் படுப்பவர்கள் நம் பிளாக்கில் இருக்கிறார்கள். டிரில்லிங் வேலையை மாலை நாலு மணிக்கு மேல் வைத்துக்கொண்டால் அவர்கள் தூங்குவார்கள். கமிட்டி இதை நோட்டீஸ் போர்டில் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை கிளப் ஹவுஸில் இருப்பேன். கடன் ஸ்டேட்மென்ட், பி.எஃப். பாஸ்புக், இன்ஷூரன்ஸ் பேப்பர் எதுவானாலும் கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். கணக்கு அந்த மேஜையை விட்டு வெளியே போகாது. முப்பத்தெட்டு வருடம் மற்றவர்கள் கணக்கைப் பார்த்தும் வாயைத் திறக்காமல் இருந்தவன் நான். லிப்டில் கேட்ட தம்பியும் வர வேண்டும். உங்கள் கேள்விக்கு லிப்டில் நேரம் போதாது.